‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்பது பதிலாகாது

மென்பொருள் துறையில் ஊறிப்போன ஒரு கருத்து: நிரூபணம் கணிதக்காரர்களின் வேலை, நமக்கு டெஸ்டிங் போதும். நேர்முகத் தேர்வில் அல்காரிதத்தின் வேகத்தைத் துருவித் துருவிக் கேட்பவர்கள், அது சரியான விடைதான் தரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்பதில்லை. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகத் தர்க்கம் படித்தவர்கள் வேலையில் சேர்ந்ததும் அதைத் தலைமுழுகிவிடுகிறார்கள். தானியங்கித் தேற்ற நிரூபணம் என்று யாராவது வாயெடுத்தால், ‘அதெல்லாம் ஆராய்ச்சிக்குச் சரி, ரிலீஸுக்கு ஆகாது’ என்ற ஒரு வரியோடு பேச்சு முடிகிறது.

இந்தக் கருத்துக்கு வலுவான முன்னோர்கள் உண்டு. 1979-ல் டிமில்லோ, லிப்டன், பெர்லிஸ் ஆகிய மூவர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். கணிதத்தில் ஒரு நிரூபணத்துக்கு நம்பிக்கை கிடைப்பது சக கணிதவியலாளர்கள் அதைப் படித்து, விவாதித்து, பாடம் நடத்தி, வேறிடத்தில் பயன்படுத்திப் பார்ப்பதால். நிரலுக்கான நிரூபணமோ நீளமானது, சலிப்பானது, அதை ஒருவரும் படிக்கப்போவதில்லை. ஆகவே அதற்கு அந்த நம்பிக்கை ஒருபோதும் வராது. இதுதான் அவர்கள் வாதம். பெர்லிஸ் லேசுப்பட்டவர் அல்ல, டூரிங் விருதை முதன்முதலில் பெற்றவர். 1988-ல் தத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபெட்சர் இன்னும் ஒரு படி மேலே போனார்: நிரூபணம் கருத்துலகத்தைப் பற்றியது, கம்ப்யூட்டரோ மின்சாரம் ஓடும் பொருள், முன்னதை வைத்துப் பின்னதைப் பற்றி எதையும் நிறுவ முடியாது என்றார். 1996-ல், நிரல் நிரூபணத்துக்கு அடித்தளம் போட்ட டோனி ஹோரே, நிரூபணம் இல்லாமலேயே மென்பொருள் இவ்வளவு நம்பகமானது எப்படி என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். இவற்றோடு செலவு, டூரிங்–கோடெல் தேற்றங்கள், அண்மையில் செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றையும் சேர்த்தால் எதிர்த்தரப்பின் வழக்கு முழுமையாகிவிடும்.

வழக்கின் உறுப்புகள் பலவற்றில் உண்மை இருக்கிறது. தீர்ப்புதான் தவறு.

வாதத்துக்குப் போகுமுன் பேசுபொருளை வரையறுத்துவிடலாம். ‘எந்த உள்ளீடு வந்தாலும் இந்த நிரல் இப்படித்தான் நடந்துகொள்ளும்’ என்ற கூற்றைத் தர்க்க வடிவில் எழுதி இயந்திரத்திடம் கொடுக்கிறோம். இயந்திரம் அதை விதிப்படி நிறுவிக் காட்டும், அல்லது கூற்றைப் பொய்யாக்கும் ஓர் உள்ளீட்டை எடுத்து நீட்டும், அல்லது தெரியவில்லை என்று சொல்லிவிடும். இசட்3 போன்ற சால்வர்கள் மனிதர் கை படாமல் தாமே விடை தேடுபவை. இசபெல், காக், லீன் போன்ற கருவிகளில் மனிதர் வழி காட்ட, ஒவ்வோர் அடியையும் இயந்திரம் சரிபார்க்கும். நான் தானியங்கி நிரூபணம் என்று சொல்வது இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

1. ‘டெஸ்டிங் போதும்.’

எதற்குப் போதும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கையில்தான் டெஸ்டிங் நிற்கிறது. சோற்றுக்கு அது பொருந்தும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. பக்கத்துப் பருக்கை மட்டும் வேகாமல் போகக் காரணமில்லை. நிரலில் 20 என்ற எண் ஒரு பாதையில் போகும், 21 வேறு பாதையில் போகும். 32 பிட் எண்கள் இரண்டை வாங்கிக்கொள்ளும் ஒரு சாதாரண ஃபங்ஷனுக்கு வரக்கூடிய ஜோடிகள் ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி கோடி. விநாடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதில் பத்தாயிரம் டெஸ்ட் கேஸ் எழுதியவர் எத்தனை சதவீதத்தைத் தொட்டார்? கவரேஜ் ரிப்போர்ட் 100 சதவீதம் காட்டினாலும், எல்லா வரிகளும் ஒருமுறையாவது ஓடின என்பதே அதன் பொருள். எல்லா மதிப்புகளுக்கும் சரியாக ஓடும் என்று அது சொல்லவே இல்லை.

20, 21 என்ற எண்களைச் சும்மா எடுக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. காரணத்தை அந்த நிறுவனமே பிறகு விளக்கியது. ஒரு விதிக்கு 21 உள்ளீட்டுப் புலங்கள் என்று ஓரிடத்தில் அறிவித்திருந்தார்கள். மதிப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கும் கோட் 20 மட்டுமே கொடுத்தது. டெஸ்ட் செய்யவில்லையா? செய்தார்கள். ஆனால் டெஸ்டுகளில் 21-ஆவது புலத்தில் ‘எதுவானாலும் சரி’ என்ற பொதுக்குறி இருந்ததால், அந்த இடத்தை யாரும் படித்துப் பார்க்கத் தேவையே வரவில்லை. பொதுக்குறி இல்லாத விதி முதன்முதலாக வந்த அன்று, நிரல் இல்லாத 21-ஆவது மதிப்பைத் தேடி நினைவகத்தின் எல்லையைத் தாண்டியது. ‘இந்த வரிசையில் எப்போதும் எல்லைக்குள் மட்டுமே படிக்கப்படும்’ என்பது தானியங்கி நிரூபணக் கருவிகளுக்குக் கொடுக்கப்படும் கேள்விகளிலேயே மிகச் சாதாரணமானது.

வன்பொருள்காரர்கள் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1994-ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பென்டியம் சிப் வகுத்தலில் தப்புச் செய்வதைக் கண்டுபிடித்தார். வகுத்தலுக்காகச் சிப்பில் பதிந்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. சாதாரணப் பயனர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இதைச் சந்திப்பார் என்று இன்டெல் முதலில் சமாதானம் சொன்னது. கடைசியில் 47.5 கோடி டாலரைக் கணக்கில் எழுதிவிட்டுச் சிப்புகளை மாற்றிக் கொடுத்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டி, தன் கே5 சிப்பின் வகுத்தல் முறையை ஏசிஎல்2 என்ற நிரூபணக் கருவியால் நிறுவிக்கொண்டது. இன்டெல்லும் அந்த வழிக்கே வந்தது. கோர் ஐ7 செயலியின் கணக்கீட்டுப் பகுதிக்குக் கவரேஜ் டெஸ்டிங்கைக் கைவிட்டு, முறைசார் நிரூபணத்தையே முதன்மைச் சரிபார்ப்பாக வைத்துக்கொண்டதாக அதன் பொறியாளர்கள் 2009-ல் எழுதினார்கள். டெஸ்டிங் போதும் என்பவரின் மேசைக் கணினிக்குள் இருக்கும் சிப்பையே அந்தக் கொள்கைப்படி செய்யவில்லை.

ஹோரேயின் கேள்வியைக் காட்டுபவர்கள் அவர் கொடுத்த விடையையும் காட்ட வேண்டும். டெஸ்டிங், ஆய்வு, நல்ல நிர்வாகம் ஆகியவற்றோடு, நிரூபண ஆராய்ச்சியிலிருந்து வந்த கருத்துகள் அன்றாட நிரலாக்கத்துக்குள் இறங்கிவிட்டதையும் அவர் காரணமாகச் சொன்னார். ஒரு கம்பைலர் டைப் எரர் காட்டும்போது என்ன செய்கிறது? எல்லா உள்ளீடுகளையும் பற்றிய ஒரு சின்னக் கூற்றை நிறுவப் பார்த்து, முடியாமல் உங்களைத் திருப்பி அனுப்புகிறது. ரஸ்ட் மொழி நினைவகப் பயன்பாட்டைப் பற்றி இதையே இன்னும் கறாராகச் செய்கிறது. நிரூபணம் வேண்டாம் என்பவர் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை நிரூபணக் கருவியை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

2. ‘செலவு கட்டுப்படியாகாது.’

எல்லாவற்றையும் நிரூபிக்கச் சொன்னது யார்? இந்த வாதத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் சாட்சி எஸ்இஎல்4. ஆஸ்திரேலியாவின் நிக்டா ஆய்வகத்தில் 2009-ல் நிரூபித்து முடிக்கப்பட்ட இயங்குதளக் கருவகம் அது. சுமார் 8,700 வரி சி கோட். அதற்கான நிரூபணம் இரண்டு லட்சம் வரி. கருவிகளை உருவாக்கிய உழைப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 ஆள்-ஆண்டுகள். கேட்டால் தலை சுற்றும். அதே ஆய்வறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நிரூபணத்துக்கு முன் டெஸ்டிங் அந்தக் கோடில் கண்டுபிடித்த பிழைகள் 16. நிரூபண வேலை மேலும் 144 பிழைகளைக் கொண்டுவந்தது. தேர்ந்த நிபுணர்கள் எழுதிய, ஒன்பதாயிரம் வரிகூட இல்லாத கோட் அது.

அந்தச் செலவு எதை வாங்கிக் கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்ப்பா, இந்தக் கருவகத்தை போயிங்கின் ஆளில்லா ஹெலிகாப்டர் ஒன்றில் ஏற்றியது. ஊடுருவல் நிபுணர்களைக் கூப்பிட்டு, கணினியின் ஒரு பகுதியில் ஓடிய லினக்ஸை அவர்கள் கையிலேயே கொடுத்து, இங்கிருந்து பறத்தலைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குள் நுழைந்து பாருங்கள் என்றார்கள். நுழைய முடியவில்லை. லினக்ஸின் கோடிக்கணக்கான வரிகளில் ஒன்றைக்கூட யாரும் நிரூபிக்கவில்லை. அதில் எத்தனை ஓட்டை இருந்தாலும் வெளியே போகாதபடி தடுக்கும் சிறு பகுதியை மட்டும் நிரூபித்தார்கள். செலவுக் கணக்கை மொத்த வரிகளால் பெருக்கிக் காட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

மனித உழைப்பு அதிகம் கேட்கும் இந்த வகையை வைத்து மொத்தத் துறையையும் அளப்பது இன்னொரு தவறு. அமேசானின் கிளவுட் சேவையில் யாருக்கு எந்தத் தரவைப் பார்க்க அனுமதி என்று வாடிக்கையாளர்கள் விதி எழுதுகிறார்கள். ‘இந்த விதிப்படி வெளியாள் எவராவது உள்ளே வர முடியுமா?’ என்பதை ஒவ்வொரு முறையும் தர்க்கச் சூத்திரமாக மாற்றி சால்வரிடம் கேட்கிறார்கள். 2022-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி நாளொன்றுக்கு இப்படி நூறு கோடிக் கேள்விகள். விதி எழுதும் வாடிக்கையாளருக்குத் தர்க்கத்தின் அரிச்சுவடியும் தெரிய வேண்டியதில்லை. ஃபயர்பாக்ஸ் 2017 முதல் நிரூபிக்கப்பட்ட குறியாக்கக் கோடைச் சேர்த்துவருகிறது. க்ரோமின் குறியாக்க நூலகத்திலும் நிரூபணத்தோடு உருவாக்கப்பட்ட கோட் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி பாரிஸ் மெட்ரோ. 1998-ல் திறக்கப்பட்ட, ஓட்டுநர் இல்லாத 14-ஆம் தடத்தின் பாதுகாப்பு மென்பொருளை, நிரூபணத்தோடு சேர்த்தே நிரலை உருவாக்கும் பி-முறையில் எழுதினார்கள். நிறுவ வேண்டிய கூற்றுகள் 27,000-க்கு மேல். அவற்றில் பத்தில் ஒன்பதைக் கருவி தானே முடித்துவிட்டது. அந்தப் பகுதிக்கு யூனிட் டெஸ்டிங்கே செய்யாமல் விட்டார்கள். பிறகு நடந்த சோதனைகளில் அதில் பிழை எதுவும் தட்டுப்படவில்லை.

3. ‘டூரிங்கும் கோடெலும் முடியாது என்று சொல்லிவிட்டார்களே.’

அவர்கள் சொன்னது வேறு. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று தவறாமல் சொல்லும் ஒரே செய்முறை இருக்க முடியாது என்று 1936-ல் டூரிங் நிறுவினார். ‘எந்த நிரலைக் கொடுத்தாலும்’ என்பதில்தான் தேற்றத்தின் உயிர் இருக்கிறது. நம் முன் இருப்பது நாமே எழுதிய, இன்ன காரணத்தால் சரியாக ஓடும் என்று நாமே நம்பும் ஒரு குறிப்பிட்ட நிரல். அந்தக் காரணத்தை எழுதிக் காட்டுவதை எந்தத் தேற்றமும் தடுக்கவில்லை. அப்படித் தடுப்பதாகவே வைத்துக்கொண்டாலும் டெஸ்டிங்குக்கு அதிலிருந்து விலக்கு உண்டா? நிரூபணத்தை வீழ்த்த டூரிங்கைக் கூப்பிடுபவர்கள், அதே டூரிங் தங்கள் தரப்பைக் காப்பாற்ற வருவதில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

கோடெலின் கதை இன்னும் சுவையானது. சென்னை ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்யப் போன நடராஜன் சங்கர், கோடெலின் முதல் முழுமையின்மைத் தேற்றத்தின் நிரூபணத்தையே போயர்–மூர் நிரூபணக் கருவியில் எழுதி, அடிக்கு அடி இயந்திரத்தைச் சரிபார்க்க வைத்தார். ஆண்டு 1986. எந்தத் தேற்றத்தைக் காட்டி இயந்திர நிரூபணம் முடியாது என்கிறார்களோ, அந்தத் தேற்றம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இயந்திரத்தால் சரிபார்க்கப்பட்ட தேற்றங்களின் பட்டியலில் இருக்கிறது.

கருவி சில நேரம் ‘தெரியவில்லை’ என்று கைவிரிக்கும் என்பது உண்மை. அதைக் குறையாக ஏன் எண்ண வேண்டும்? லினக்ஸ் கருவகத்துக்குள் ஓட ஒரு ஈபிபிஎஃப் நிரலை ஏற்றினால், அது நினைவக எல்லையை மீறாது, முடிவில்லாமல் சுற்றாது என்பதை ஒரு சரிபார்ப்பி முதலில் ஆராய்கிறது. உறுதி கிடைக்காவிட்டால் ஏற்ற மறுக்கிறது. உண்மையில் தப்பே இல்லாத நிரலும் சில சமயம் திருப்பியனுப்பப்படும்; எழுதியவர் எரிச்சல்பட்டுக்கொண்டே அதை எளிமையாக மாற்றி எழுதுவார். கருவகத்துக்குள் ஓடப்போகும் கோடை இயந்திரத்துக்கே விளங்காத அளவுக்குச் சிக்கலாக எழுதும் உரிமை யாருக்கு வேண்டும்?

வேகத்தைப் பற்றியும் இப்படித்தான் ஒரு கோட்பாட்டுப் பயம் உண்டு. தர்க்கச் சூத்திரத்தை உண்மையாக்க வழி இருக்கிறதா என்று தேடும் சாட் சிக்கல், அதன் வகையிலேயே கடினமானவற்றில் ஒன்று என்று 1971-ல் ஸ்டீஃபன் குக் காட்டினார். அதோடு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1996-ல் கிராஸ்ப், 2001-ல் சாஃப் என்று வந்த சால்வர்கள், தேடலில் முட்டிக்கொண்ட ஒவ்வொரு முரணிலிருந்தும் ஒரு பாடம் கற்று, அதே முட்டுச்சந்துக்குள் மறுபடி போகாமலிருக்கும் உத்தியைக் கொண்டுவந்தன. நடைமுறையில் எழும் லட்சக்கணக்கான மாறிகள் கொண்ட சூத்திரங்களை இன்று அவை தீர்க்கின்றன. மிக மோசமான சூத்திரத்தில் அவை மூழ்கிவிடும் என்பது இன்றும் உண்மைதான். மனிதர் எழுதும் நிரலிலிருந்து பிறக்கும் சூத்திரங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல.

4. ‘ஸ்பெக்கே தப்பாக இருந்தால்?’

நிறுவக் கொடுத்த கூற்றே (ஸ்பெக்) தப்பாக இருந்தால் நிரூபணம் எதற்கு என்பதுதான் எதிர்த்தரப்பின் சிறந்த வாதம். அதற்கு அவர்களே காட்டாத சாட்சிகளையும் நான் தருகிறேன். வைஃபை இணைப்பைக் காக்கும் டபிள்யூபிஏ2 முறையின் கைகுலுக்கலுக்குப் பாதுகாப்பு நிரூபணம் இருந்தது. 2017-ல் மாத்தி வான்ஹூஃப் அதை உடைத்தார். ஏற்கெனவே நிறுவப்பட்ட சாவியை, ஒரு செய்தியைத் திரும்ப அனுப்புவதன் மூலம் மறுபடி நிறுவ வைத்தால் எண்ணிக்கைகள் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். நிரூபணம் அதைக் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிரூபிக்கப்பட்ட மூன்று பரவல் அமைப்புகளைச் சோதித்து 16 பிழைகளைக் கண்டுபிடித்தார்கள்.

பிழைகள் எங்கே இருந்தன என்பதுதான் கேள்வி. அந்த 16-ல் ஒன்றுகூட நிரூபிக்கப்பட்ட நெறிமுறைக்குள் இல்லை. எல்லாமே இயங்குதளத்தைப் பற்றிய அனுமானங்களிலும், ஸ்பெக்கிலும், சரிபார்ப்புக் கருவிகளிலும், நிரூபிக்கப்பட்டதும் நிரூபிக்கப்படாததும் சந்திக்கும் இடங்களிலும் இருந்தன. கம்பைலர்களின் கதையும் அதுவே. யூட்டா பல்கலைக்கழகத்தார் தாறுமாறான சி நிரல்களைத் தாமே உற்பத்திசெய்யும் சிஸ்மித் என்ற கருவியால் கம்பைலர்களைத் தாக்கி, 2011-ல் அறிக்கை தந்தார்கள். ஜிசிசி, எல்எல்விஎம் உட்பட அவர்கள் சோதித்தவற்றில் 325-க்கும் மேற்பட்ட பிழைகள். பிரான்சின் சேவியர் லெரோய் காக் கருவியில் நிரூபித்து எழுதிய காம்ப்செர்ட் கம்பைலர்மீது ஆறு சிபியு-ஆண்டுகள் செலவழித்தும், நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதியில் தப்பான கோடை உருவாக்கும் ஒரு பிழையைக்கூட அவர்களால் பிடிக்க முடியவில்லை. கிடைத்தவை நிரூபணம் தொடாத ஓரங்களில் கிடைத்தன.

ஃபெட்சருக்கும் இதுவே பதில். மின்சாரம் ஓடும் பொருளைப் பற்றி நிரூபணம் ஒன்றும் சொல்லாது என்றார். ‘சிப் அதன் கையேட்டின்படி நடந்துகொண்டால், இந்த நிரல் இப்படி நடந்துகொள்ளும்’ என்று அது சொல்கிறது. அந்த ‘நடந்துகொண்டால்’ நிபந்தனை மறைத்து வைக்கப்படவில்லை, முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாலம் கட்டும் பொறியாளரின் கணக்கும் எஃகின் வலிமையைப் பற்றிய நிபந்தனையோடுதான் வருகிறது. அதனால் கணக்கே போடாமல் பாலம் கட்டலாம் என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்பெக் தப்பாகலாம் என்பது டெஸ்டிங்குக்கும் பொருந்தும். ஒவ்வொரு டெஸ்ட் கேஸிலும் ‘வர வேண்டிய விடை’ என்று ஒன்றை எழுதுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? எழுதப்படாத ஒரு ஸ்பெக்கிலிருந்துதான். நிரூபணத்தில் ஸ்பெக் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டு, விவாதிக்கவும் தாக்கவும் இடம் கொடுத்து நிற்கிறது. டெஸ்டிங்கில் அது ஆயிரம் கேஸ்களில் சிதறி, எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் அவரோடு போய்விடுகிறது. சந்தேகத்துக்கு உரிய இடம் இரண்டு லட்சம் வரியாக இருப்பது நல்லதா, இரண்டு பக்கமாக இருப்பது நல்லதா?

5. ‘யாரும் படிக்காத நிரூபணத்தை எப்படி நம்புவது? கருவியையே யார் நிரூபிப்பது?’

பெர்லிஸ் குழு மனிதக் கண்களை நம்பியது. மனிதக் கண்கள் என்ன செய்தன என்று ஒரே ஒரு கோடை எடுத்துப் பார்ப்போம். 2002-ல் டிம் பீட்டர்ஸ் பைத்தான் மொழிக்காக எழுதிய டிம்சார்ட், பிறகு ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போய், உலகில் மிக அதிகமாக ஓடும் வரிசைப்படுத்தும் நிரல்களில் ஒன்றாயிற்று. தரவில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து, அவற்றின் நீளங்களை ஒரு அடுக்கில் வைத்து, இரண்டிரண்டாக இணைப்பது அதன் வழி. அடுக்குக்கு ஒரு விதி உண்டு: எந்த நீளமும் அடுத்த இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அடுத்ததையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். விதி நிற்கும்வரை நீளங்கள் வேகமாகப் பெருகுவதால், சிறிய அடுக்கே எவ்வளவு பெரிய தரவுக்கும் போதும். விதி மீறப்படுகிறதா என்று நிரல் கடைசி மூன்று நீளங்களை மட்டும் பார்க்கும்.

அடுக்கில் 120, 80, 25, 20, 30 இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி மூன்றில் 25, 20-ம் 30-ம் சேர்ந்த 50-ஐவிடச் சிறிது, விதி மீறல். ஆகவே 25-ம் 20-ம் இணைந்து 45 ஆகின்றன. இப்போது அடுக்கு 120, 80, 45, 30. நிரல் மறுபடி கடைசி மூன்றைப் பார்க்கிறது: 80, 75-ஐவிடப் பெரிது, 45, 30-ஐவிடப் பெரிது. எல்லாம் சரி என்று நிறுத்திக்கொள்கிறது. ஆனால் மேலே பாருங்கள்: 80-ம் 45-ம் கூட்டினால் 125, 120 அதைவிடச் சிறிது. நிரல் திரும்பிப் பார்க்காத இடத்தில் விதி உடைந்துவிட்டது. தக்க தரவைக் கொடுத்தால் இந்த மீறல்கள் சேர்ந்து, அடுக்கு நிரம்பி வழிந்து நிரல் விழுந்துவிடும். ஜாவாவில் 6,71,08,864 உறுப்புகள் கொண்ட வரிசை ஒன்றில் அப்படி விழச்செய்து காட்டினார்கள்.

இந்தக் கோட் திறந்தவெளியில் கிடந்தது. விதி அதன் கமெண்டிலேயே எழுதியிருந்தது. உலகெங்கும் எத்தனையோ பேர் படித்தார்கள், பாடம் நடத்தினார்கள், வேறு மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். பெர்லிஸ் குழு கேட்ட சமூகச் செயல்பாடு ஒன்றுவிடாமல் நடந்தது. பிழை 2015 வரை அசையவில்லை. அந்த ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் கீ என்ற கருவியால் டிம்சார்ட் சரியானது என்று நிறுவப் போனார்கள். நிரூபணம் நகர மறுத்தது. ஏன் என்று பார்த்தபோது மேலே காட்டிய ஓட்டை அகப்பட்டது. நிரூபணம் வெற்றி பெற்றால்தான் பயன் என்று நினைப்பவர்களுக்கும் இது போதுமான பதில்.

கணிதத்திலேயே அந்தச் சமூகச் செயல்பாடு மூச்சுவாங்கத் தொடங்கிவிட்டது. கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளர் ஊகத்துக்கு 1998-ல் தாமஸ் ஹேல்ஸ் கொடுத்த நிரூபணத்தைப் பன்னிரண்டு நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு, 99 சதவீதம் சரியென்று நினைக்கிறோம் என்றார்கள். மீதி ஒரு சதவீதத்துக்காக ஹேல்ஸ் இயந்திரத்திடம் போனார். 2014-ல் அந்த வேலை முடிந்தது.

சரி, கருவியை யார் நிரூபிப்பது? 1970-களில் ராபின் மில்னர் எல்சிஎஃப் என்ற கருவியில் இதற்கு வழி கண்டார். நிரூபணத்தைத் தேடும் பகுதி எவ்வளவு பெரிதாக, எவ்வளவு பிழையோடு வேண்டுமானாலும் இருக்கட்டும். தேற்றம் என்று முத்திரை குத்தும் உரிமை ஒரு சின்ன மையப் பகுதிக்கு மட்டுமே. எச்ஓஎல் லைட் கருவியில் அந்த மையம் சில நூறு வரிகளே. ஒரு மாலையில் படித்துவிடலாம். சாட் சால்வர்களும் இப்போது ‘வழியில்லை’ என்று சொல்லும்போது அதற்கான சான்றை எழுதித் தருகின்றன. தனியாக எழுதப்பட்ட எளிய நிரலொன்று அதைச் சரிபார்க்கிறது. இரண்டு லட்சம் வரி நிரூபணத்தை மனிதர் படிக்கத் தேவையில்லை. கூற்றையும் மையத்தையும் படித்தால் போதும். உங்கள் டெஸ்ட் கட்டமைப்பை இதே கறாரோடு கடைசியாக யார் படித்தார்கள்?

6. ‘இனி எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளும்.’

ஏஐ பார்த்துக்கொண்டதை யார் பார்த்துக்கொள்வார்? மொழி மாதிரிகள் நாளெல்லாம் சலிக்காமல் கோட் எழுதித் தள்ளுகின்றன. படித்துப் பார்க்கும் மனிதர் அதே பழைய வேகத்தில்தான் படிக்கிறார். டெஸ்டையும் அதே மாதிரியிடம் எழுதச் சொன்னால், கோடில் புகுந்த தவறான புரிதல் டெஸ்டுக்குள்ளும் புகுந்து, இரண்டும் கைகோத்துப் பாஸ் ஆகும். நிரூபணம் தேவைப்படாமல் போகிறது என்று சொல்லக்கூடிய காலம் இதுவென்றால், அது தேவைப்படும் காலம் எப்போது வரும்?

மாதிரி எழுதியதை நம்ப வேண்டிய கட்டாயத்திலிருந்து நம்மை விடுவிப்பது நிரூபணச் சரிபார்ப்புதான். மில்னரின் சின்ன மையத்துக்கு, நிரூபணத்தைக் கொண்டுவந்தவர் பேராசிரியரா, மாணவரா, இயந்திரமா என்பதில் அக்கறை இல்லை. 2024-ல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாப்ரூஃபும் ஆல்ஃபாஜியாமெட்ரியும் சேர்ந்து சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கணக்குகளில் 42-க்கு 28 மதிப்பெண் எடுத்து வெள்ளிப் பதக்கத் தரத்தைத் தொட்டன. ஆல்ஃபாப்ரூஃப் தன் விடைகளை லீன் மொழியில் கொடுத்தது. அதன் உளறல்களை லீன் வெளியே நிறுத்தியது, அதன் கண்டுபிடிப்புகளை உள்ளே விட்டது. நிரூபணம் எழுதும் உழைப்பை இயந்திரமே ஏற்கத் தொடங்கினால், இரண்டாம் ஆட்சேபத்தில் மிச்சமிருந்த செலவு வாதமும் ஒவ்வோர் ஆண்டும் தேயும். மனிதருக்கென்று மிஞ்சும் வேலை கூற்றை எழுதுவது. அதை மாதிரியிடம் ஒப்படைத்துவிட்டால், தனக்கு வசதியான ஒன்றைக் கூற்றாக எழுதி, அதை அது நிரூபித்தும் காட்டிவிடும்.

ஆறு ஆட்சேபங்களையும் கோக்கும் சரடு ஒன்றுதான். நிரூபணம் பிழையற்ற உலகத்தை வாக்களிக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அந்த வாக்கு நிறைவேறவில்லை என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். அது அப்படி வாக்களிக்கவே இல்லை. எதை அனுமானித்தோம், எதை நிறுவினோம், எதைத் தொடவில்லை என்று பிரித்து எழுதித் தருகிறது. வைஃபை உடைந்தபோதும் பரவல் அமைப்புகள் தடுமாறியபோதும், எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது அதனால்தான்.

ஆகவே உணவு டெலிவரி ஆப்பின் வண்ணப் பட்டனை நிரூபியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு டெஸ்டிங் போதும்; மொத்தச் செலவையும் வைத்துப் பார்த்தால் அதுவே சரி. கேட்பது இதை: குறியாக்கம், அனுமதி விதிகள், பணப் பரிமாற்றம், கருவகத்துக்குள் ஓடும் கோட், உடலோடு இணைக்கப்படும் மருத்துவக் கருவி என்று விழவே கூடாத பகுதி ஒவ்வொன்றுக்கும், அது எதைச் செய்யவே செய்யாது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை ஒரு கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். நிறுவ முடிந்ததையும் முடியாததையும் ரிலீஸ் குறிப்பில் சேருங்கள். இது கட்டுப்படியாகாது என்று வாதிட நினைப்பவர் முதலில் அந்த ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டு வரட்டும். எழுத முடியவில்லை என்றால், அவர் இத்தனை நாள் எதை டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.